பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே

ஜூன் 3
பெட்ரோல் முள் மறுபடியும் கீழே. என் வீட்டுக்காரர் ஓட்டிய காலத்தில் இதே கார் லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் கொடுத்தது. என்னிடம் பன்னிரண்டு. பக்கவாதத்தில் அவருடைய வலக்கை விழுந்ததிலிருந்து ஸ்டீயரிங் என்னிடம்தான். வாரம் மூன்று தடவை பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு, பிசியோதெரபிக்கு. வண்டி இப்படியே குடித்தால் மூன்று தடவை இரண்டாகிவிடும்.

"பெடலை மிதிக்கிறியா, கரப்பான்பூச்சியை மிதிக்கிறியா?" என்கிறார்.

ஜூன் 9
மெக்கானிக் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினார். த்ராட்டில் கன்ட்ரோலராம். பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் மாட்டுவது. அதன் பட்டனை அழுத்திச் சிக்கன மோடில் வைத்தால், நான் வெடுக்கென்று மிதித்தாலும் எஞ்சினுக்குப் பதமாகத்தான் போய்ச் சேருமாம்.

"மைலேஜ் கூடுமா?"

"பெட்டி தானா எதையும் மிச்சம் பண்ணாதுக்கா. உங்க கால் பழகணும். அதுக்கு இது ஒத்தாசை, அவ்வளவுதான்."

விற்கிறவரே இப்படிச் சொன்னதால் வாங்கிவிட்டேன்.

ஜூன் 10
"பொம்மை வாங்கிட்டு வந்திருக்கா" என்று சுவரிடம் சொன்னார்.

ஜூன் 17
மேட்டுச் சாலையில் லாரியை முந்தப் போனேன். வழக்கம்போல மிதித்தேன் — வண்டி எழும்பவே இல்லை. எதிரே பஸ். பிரேக் போட்டு மறுபடி லாரிக்குப் பின்னால் பதுங்கினேன். முந்துறதுக்கு முன்னாடி பட்டனை அழுத்தி மோடை மாத்தணும்னு எனக்கு ஏன் தோணல? அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?

ஓரம் கட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நீ ரோட்டைப் பாரு. பட்டனை நான் பாத்துக்கறேன்."

ஜூன் 19
பட்டன் எங்கள் இருவருக்கும் நடுவில், அவருடைய வலக்கைப் பக்கம். இடக்கையால் எட்டிப் பார்த்தார்; சீட் பெல்ட் விடவில்லை. "மேடு வருது" என்று சொல்லிக்கொண்டே வலக்கை விரலை நகர்த்தினார். விரல் போய்ச் சேர்வதற்குள் மேடு ஏறி இறங்கியும் விட்டோம். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஜூலை 2
மேட்டுக்கு முன்பே அழுத்திவிட்டார். வலக்கையால். நான் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தம் மட்டும் கேட்டது.

ஜூலை 21
பிசியோதெரபிப் பெண் அவர் விரல்களை மடக்கிப் பார்த்தாள். "வீட்ல தனியா என்ன பயிற்சி பண்றீங்க சார்?"

"டிரைவிங்" என்றார், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

மைலேஜ் பதினாலரை. பெட்டியா, என் காலா, பக்கத்து சீட்டுக்காரரா? யாராய் இருந்தால் என்ன, மூன்று தடவை மூன்றாகவே இருக்கிறது.

ஆகஸ்ட் 3
ஞாயிறு, சிகிச்சை இல்லாத நாள். காலையிலேயே சட்டை மாட்டிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றார்.

"எங்கங்க?"

"பெட்ரோல் மிச்சமாயிருக்குல்ல. எங்கயாவது போலாம்."

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் முக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் வேகத்தைக் குறைத்தேன்.

"நேராப் போ" என்றார்.