நீ சரியாக வாங்கிய கயிறு

இன்று காலை எலெக்ட்ரானிக் சிட்டியில், என் மகன் வீட்டு பால்கனியில் நின்றிருந்தேன். வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் கீழே உட்கார்ந்து, தொங்கி வேலை செய்யும் கயிற்றின் நுனிகளை லைட்டரால் தீய்த்துக்கொண்டிருந்தார்கள். உருகும் கயிற்றின் வாடை நாலாவது மாடிவரை ஏறி வந்தது. உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினேன். திறந்தேன். மறுபடியும் சாத்தினேன்.

"என்னம்மா, ஒரு இடத்துல உட்கார மாட்டியா?" என்றான் மகன்.

உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் உனக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளாக எழுந்து எழுந்து நடந்ததெல்லாம் இதை எழுதாமல் இருக்கத்தான் போலிருக்கிறது.

நீ பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். நான் அல்சூர் சந்தில் ஜாக்கெட் தைக்கிறவள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், கிழிந்த பாய் ஒன்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு என் கடை வாசலில் வந்து நின்றாய். ஏரியில் பாய்மரப் படகு ஓட்டப் பழகுவதாகவும், பாய் கிழிந்துவிட்டதாகவும் சொன்னாய். தைத்துக் கொடுத்தேன். "தைச்சா மட்டும் போதுமா? வந்து பாருங்க, எப்படிக் காத்துல நிக்குதுன்னு" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாய். அன்றைக்கு ஏறியவள்தான், அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு ஏரிதான். அடுத்த மாதத்துக்குள் 'ங்க' போய் 'டீ' வந்துவிட்டது.

ஜூன் மாதக் காற்றுதான் நமக்கு எதிரி. நீயும் ஒல்லி, நானும் ஒல்லி. காற்று ஏறினால் படகை அழுத்திப் பிடிக்க நம் எடை போதாது. படகுக் கொட்டகை ஆண்கள் சிரித்தார்கள். "ரெண்டு பேரையும் சேர்த்தாலும் ஒரு ஆள் வெயிட்டு வராது மேடம். காத்து வந்தா சும்னே பேசாம கரைக்கு வந்துடுங்க."

திரும்பி வந்து என் கடை வாசலில் நின்று சொன்னாய்.

"வெயிட்டை ஏத்த முடியாது. பாயைக் குறைக்கலாம் இல்ல?"

பாயின் அடிப்பகுதியை மடித்து, கீழே படுத்திருக்கும் கட்டையோடு கயிற்றால் இறுக்கிவிட்டால் காற்று பிடிக்கும் பரப்பு குறையும். பெரிய படகுகளில் செய்வதுதான் என்றாய். மடிப்புக்கு வளையங்களும் ஒட்டுத்துணியும் வைத்துத் தைப்பது என் பொறுப்பு. கயிறு உன் பொறுப்பு.

சிவாஜிநகரில் கறிக்கடைகளைத் தாண்டி மூன்று கயிற்றுக் கடை ஏறி இறங்கினோம். எனக்குக் கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகள் காத்துக்கிடந்தன. "எதையாவது வாங்குடீ" என்று அரித்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது கடைக்காரர் பளபளவென்று நைலானை எடுத்துப் போட்டார்.

"லாரியையே இழுக்குது மேடம். ஏக்தம் ஸ்ட்ராங்."

"ஸ்ட்ராங் மட்டும் போதாதுண்ணா. இழுத்தா நீளக் கூடாது."

சொல்லிவிட்டு, கயிற்றின் ஒரு முனையைக் கடை முன்னால் இருந்த கம்பத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நடுத்தெருவில் பின்னால் சாய்ந்தாய். சைக்கிள்காரர்கள் நின்று பார்த்தார்கள். "பார்த்தியா, எவ்வளவு நீளுது. காத்து அடிக்கும்போது மடிச்ச பாய் தொளதொளன்னு ஆயிடும்." பிறகு கடைக்குள்ளே நீயே நுழைந்து, மூலையிலிருந்து தூசி படிந்த பாலியெஸ்டர் கயிற்றை எடுத்துவந்தாய். அதையும் கட்டிச் சாய்ந்தாய். அது அசையவில்லை. "இதுதான்" என்றாய். கடைக்காரரே கை தட்டினார்.

கயிற்றின் முனையில் வளையம்போல் கண்ணி போட வேண்டும். முடிச்சுப் போட்டால் அந்த இடத்தில் கயிறு பலமிழக்கும் என்பதால், முறுக்கியிருக்கும் மூன்று புரியையும் பிரித்து, வளைத்து, கயிற்றின் உடம்புக்குள்ளேயே ஒன்று மாற்றி ஒன்று சொருக வேண்டும். ஒரு பழைய புத்தகத்தின் படத்தைப் பார்த்து இருவரும் கற்றோம். பாயின் முன்மூலையை இழுத்துக் கட்டும் கயிற்றை நீ முடித்தாய். பின்மூலைக் கயிற்றை என்னிடம் கொடுத்தாய். "பருத்தின்னா மூணு சொருகல் போதும். இது வழுக்கும்டீ. அஞ்சு போடு."

படகுப் பந்தயத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை, நான் கல்யாண ஜாக்கெட் அவசரத்தில் இருந்தேன். புரிகளைக் குட்டையாக வெட்டிவிட்டேன். மூன்று சொருகல் போட்டதும் சொருக நுனி மிச்சமில்லை. எல்லாவற்றையும் அவிழ்த்து முதலிலிருந்து செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. மேலே மெழுகு நூலை நெருக்கமாகச் சுற்றித் தைத்து மறைத்தேன். ஞாயிறு காலை நீ கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்து, "என்ன நேக்கா முடிச்சிருக்கே!" என்றாய். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம்.

அன்றைக்குப் பந்தயம். மற்றவர்கள் தள்ளாடிக்கொண்டிருந்த காற்றில், மடித்த பாயோடு நாம் நிமிர்ந்து போனோம். இரண்டாவது சுற்றில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தோம். நீ கத்திக்கொண்டே சிரித்தாய். திருப்பத்தில் ஒரே வீச்சாகக் காற்று வந்தது. பின்மூலையில் என் கண்ணி உருவிக்கொண்டது. மடித்த பாய் முழுதாக விரிந்து, படகு கவிழ்ந்தது. கட்டை உன் தோளில் இறங்கியது.

உன்னைக் கரையேற்றி ஆட்டோவில் கொண்டுபோனார்கள். உன்னோடு போக வேண்டிய நான் படகோடு நின்றேன். தையல்காரி கரையில் வைத்துவிட்டுப் போன பையில் கத்தரிக்கோல் இல்லாமல் இருக்குமா? உருவிய முனையை வெட்டி ஏரியில் எறிந்தேன். மிச்ச முனையைக் கையால் பிய்த்து, அறுந்ததுபோல் ஆக்கினேன். யாரும் பார்க்கவில்லை. கொட்டகைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "கயிறு அறுந்துடுச்சு. எதையோ வாங்கிட்டு வந்திருக்காங்க" என்றார்கள். நான் பாயைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட தோளோடு நீ என்னிடம் சொன்னாய்: "நான்தான்டீ தப்பா வாங்கிட்டேன். உன்னையும் சேர்த்து மூழ்கடிச்சிருப்பேன்."

எலும்பு கூடியது, கை தோளுக்கு மேலே போகவில்லை. பந்தை எறிந்து காட்ட முடியாத பி.டி. டீச்சரைப் பள்ளிக்கூடம் லைப்ரரி மேசையில் உட்காரவைத்தது. அதைக்கூட நீ தாங்கிக்கொண்டாய். எனக்குத் தாங்காதது வேறு. அதற்கப்புறம் நீ எதையும் நம்பிக்கையாகத் தேர்ந்தெடுக்கவில்லை. சேலைக் கடைக்குப் போனாலும், மிக்சி வாங்கப் போனாலும், "நீயே பாரு செல்வி. எனக்குப் பார்த்து வாங்கத் தெரியாது" என்பாய். நடுத்தெருவில் கயிற்றை இடுப்பில் சுற்றிச் சாய்ந்தவள் நீ. ஒவ்வொரு தடவையும் வாய்வரை வந்தது. ஒவ்வொரு தடவையும் சேலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன ஞாயிறு காக்ஸ் டவுனில் உன் தங்கையைப் பார்க்கப் போனேன். உன் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், டீ கொடுத்துவிட்டுச் சிரித்தபடி சொன்னாள்: "கடைசிவரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தா. ஒரு கயிறு பார்த்து வாங்கத் தெரியலன்னு."

சொல்லிவிட்டேன். புரி, மூன்று சொருகல், கத்தரிக்கோல், எல்லாம்.

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "இத அவ இருக்கும்போது சொல்லியிருக்கலாமேக்கா."

"பயந்துட்டேன்மா."

"இத்தனை வருஷமாவா?"

எழுந்து செருப்பை மாட்டினேன். கேட் வரை வந்தாள். மறுபடி வாங்க என்று சொல்லவில்லை. சொல்லாதது சரிதான்.

இப்போது உனக்கும் சொல்லிவிட்டேன். சொன்னால் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. இதை எழுதுவதற்குள் ஆறு முறை எழுந்து நடந்தாயிற்று.

ஒன்று மட்டும் என்னைவிட்டுப் போகாது. பாய்க்கு அடியிலிருந்து நீ தலை தூக்கிய அந்த நிமிடம். வாயில் ஏரித் தண்ணீர், ஒரு கை தொங்கிப்போயிருந்தது. நான் உனக்குப் பின்னால்தான் மிதந்துகொண்டிருந்தேன். உன்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. முன்னால் வெறும் தண்ணீரைப் பார்த்து நீ அலறினாய்: "செல்வி! செல்வி எங்கே?"

"இங்கதான்டீ இருக்கேன்" என்றேன்.

என் குரல் கேட்ட பிறகுதான் உனக்கு வலி தெரிந்தது. அதற்கப்புறம்தான் அழுதாய்.