ராக்கெட்டுக்கு அடியில் நின்ற மாப்பிள்ளை

மொந்தெசேரோ,
31 அக்டோபர் 1962, புதன்கிழமை.

என் அன்பு மகன் சவீனோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் நலம் என்று எழுதுவேன், இந்த வாரம் உயிரோடு இருக்கிறோம் என்று எழுத முடிவதே போதும் என்றிருக்கிறது. நீயும் அந்தப் பெல்ஜியத்துச் சுரங்கத்தில் இறங்கி ஏறி உடம்பு நோகாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். திங்கட்கிழமை நான் கொடுத்த தந்தியைப் பார்த்து ஆடிப்போயிருப்பாய். தங்கை கல்யாணம் நின்றுவிட்டது, புறப்படாதே, கடிதம் வருகிறது என்று மட்டும் இருந்தால் எந்த அண்ணனுக்குத்தான் தூக்கம் வரும். அதற்கு மேல் சொல்ல அந்தத் தபால் ஆபீஸ்காரன் முன்னால் எனக்கு வாய் வரவில்லை, அவன் காதில் விழுந்தது மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறேன், பாதியில் கோபம் வந்து கடிதத்தைக் கசக்கிப் போடாதே, முடிவில் உன்னிடம் ஒன்று கேட்கப்போகிறேன்.

நீ ஊரைவிட்டுப் போனபோது பாதாம் தோப்புக்கு அந்தப் பக்கம் வெறும் கம்பிவேலிதான் போட்டிருந்தார்கள். இப்போது வேலிக்குள்ளே அமெரிக்காக்காரனின் ராக்கெட்டுகள் மூன்று வெள்ளை வெளேரென்று நிற்கின்றன, நம் வீட்டு மாடியில் துணி உலர்த்தப் போனால் முதலில் கண்ணில் படுவது அதுதான். அதெல்லாம் ரஷ்யாவுக்காக வைத்தது என்று தெருவில் விளையாடுகிற பிள்ளைகளுக்கும் தெரியும். ரோசால்பாவுக்கு நிச்சயமான ரெனாத்தோ அங்கேதான் வேலை பார்க்கிறான் என்று உனக்கு எழுதியிருந்தேன். வடக்கே மலைப்பக்கத்துப் பிள்ளை, நம் விமானப்படைச் சிப்பாய், அதிகம் பேசத் தெரியாத நல்லவன். உன் அப்பா அவனை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ராக்கெட் காவல்காரன் வந்துட்டானா, அந்தக் காவல்காரனுக்கும் ஒரு தட்டு வையி, இப்படித்தான். கல்யாண அறிவிப்பு ஓலை மூன்றும் கோயிலில் வாசித்து முடித்த பிறகுதான் ரெனாத்தோவின் மேலதிகாரி ஒரு கட்டையைக் குறுக்கே போட்டார். பெண்ணோட அப்பா கம்யூனிஸ்ட்டு, அவர் கட்சியை விட்டு விலகி அட்டையைத் திருப்பிக் கொடுத்தாத்தான் உனக்குக் கல்யாண அனுமதி என்று சொல்லிவிட்டாராம். இதை நான் உனக்கு எழுதவில்லை. எப்படியும் உன் அப்பாவை இளக்கிவிடலாம் என்று நினைத்தேன், என் நினைப்பைக் கொண்டுபோய்க் கிணற்றில் போடு.

நானும் கெஞ்சினேன், திட்டினேன், இரண்டு நாள் சோறும் தண்ணியும் இல்லாமல் கிடந்தேன். அவர் அசையவில்லை. பேர் எழுதக்கூடத் தெரியாம நின்னேன், எழுதச் சொல்லிக் குடுத்தது கட்சிக்காரங்க, பண்ணையார் ஆளுங்க என்னை அடிச்சுப் போட்டப்ப தூக்கிட்டு வந்து கட்டுப் போட்டது அவங்க, ஒரு சிப்பாய்ப் பயலுக்காக விட்டுடறதுக்கு அது என்ன சுருட்டுப் பழக்கமாடி என்றார். நான், உங்களுக்கு மகள் பெரிசா அட்டை பெரிசா என்று கேட்டேன். ரெண்டையும் தராசுல வைக்கச் சொல்றவன்தான் அயோக்கியன் என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ரோசால்பா அடுப்பங்கரையில் உட்கார்ந்து தலையணை உறைக்குப் பூத்தையல் போட்டுக்கொண்டே இருந்தாள். அவள் பேசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்படி இருக்கிறபோதுதான் போன வாரம் செவ்வாய்க்கிழமை காப்பிக்கடை ரேடியோவில் அந்தச் செய்தி வந்தது. கியூபாவில் ரஷ்யா ராக்கெட் வைத்திருக்கிறதாம், அமெரிக்கா கடலை மறித்துவிட்டதாம், ரஷ்யக் கப்பல் நிற்காவிட்டால் அணுகுண்டுச் சண்டைதானாம். உங்கள் ஊரிலும் கேட்டிருப்பீர்கள், ஆனால் வாசலில் ராக்கெட்டை வைத்துக்கொண்டு அதைக் கேட்பது வேறு. சண்டை வந்தால் ரஷ்யாக்காரன் முதலில் அடிப்பது இந்த வேலியைத்தான், அது தெரியாத முட்டாள் ஊரில் யாரும் இல்லை. மளிகைக்கடை தொமேனிகாவிடம் மாவும் உப்பும் மெழுகுவத்தியும் ஒரே நாளில் தீர்ந்துபோயின. சதுக்கத்தில் அந்தப் பக்கம் கோயிலோடு சேர்ந்த சாமியார் கட்சி ஆட்கள், இந்தப் பக்கம் உன் அப்பாவின் ஆட்கள், நடுவில் பேச்சு பறந்தது. ஏம்ப்பா கோசிமோ, உங்காளு குண்டு போடறப்ப கட்சி அட்டை இருக்கிற வீட்டை விட்டுட்டுப் போடுவாராமே, என் வீட்டுக்கும் ஒரு அட்டை வாங்கிக் குடு என்று ஒருத்தன் உன் அப்பாவைக் கேட்க, எல்லோரும் சிரித்தார்களாம். உன் அப்பா வீட்டுக்கு வந்து கூடத்தில் தான் மாட்டிய கட்சித் தலைவர் படத்துக்கும் நான் மாட்டிய மாதாவுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார், சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லை.

ரெனாத்தோவை வேலியைவிட்டு வெளியே விடவில்லை. ஆனால் முன்னமே ஒருநாள் அவன் ரோசால்பாவிடம் சொல்லிவைத்திருந்தானாம், ராக்கெட்டுக்குக் கீழே வெள்ளையாப் புகை மாதிரி கிளம்பினா அதுக்கு எரிபொருள் நிரப்பறாங்கன்னு அர்த்தம், எனக்காகக் காத்திருக்காத, அம்மாவைக் கூட்டிட்டு ஆட்டுக்காரங்க குகைக்குப் போயிடு என்று. அவள் அதை என்னிடம் மறுநாள் புதன்கிழமைதான் சொன்னாள். அதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி மாடியில்தான் நின்றோம். காலைப் பனியைப் பார்த்து அதுதானோ என்று நான் ரோசால்பாவைக் கத்திக் கூப்பிட்டது எத்தனை தடவை என்று மாதாவுக்குத்தான் தெரியும். உன் அப்பா மாடிப்பக்கமே வரவில்லை, ஆனால் நாங்கள் இறங்கும்போதெல்லாம் எங்கள் முகத்தைப் பார்ப்பார்.

சனிக்கிழமைதான் எல்லாம் கெட்டது. அமெரிக்கா கியூபாவில் குண்டு போடப்போகிறது என்று பிற்பகலுக்குப் பிறகு ஊரில் பேச்சு, இனித் தப்பாது என்று தொமேனிகா கடையிலேயே உட்கார்ந்து அழுதாள். பொழுது சாயும் முன் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த மாதிரி மின்னலை நான் பார்த்ததில்லை, நேராகத் தோப்புக்கு மேலே. போன வருஷம் அதில் ஒரு ராக்கெட்டையே மின்னல் தொட்டுவிட்டது என்று ரெனாத்தோ சொல்லியிருக்கிறான், குண்டு அதன் தலையில்தானே இருக்கிறது. ரோசால்பா சொட்டச் சொட்ட நனைந்து இறங்கி வந்தாள். அம்மா, எல்லாரையும் வெளியில நிறுத்தியிருக்காங்க, அவரு மூணாவது ராக்கெட்டுக்கு அடியிலயே நிக்கிறாரு என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் அப்பா கிளை வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அதைக் கீழே வைத்தார், தொப்பிகூடப் போடாமல் மழையில் இறங்கிப் போனார். எங்கே போறீங்க என்று நான் கேட்பதற்குள் தெருமுனை திரும்பிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. இடிமழை வந்தால் மணியடித்து விரட்டுவது நம் ஊர் வழக்கம்தான், ஆனால் எலீஜியோ சாமியார் வந்ததும் அதை மூடத்தனம் என்று நிறுத்திவிட்டார். உலகத்தில் அந்த ஒரு விஷயத்தில்தான் அவரும் உன் அப்பாவும் ஒரே கட்சி. மணிக்கு மின்னல் பயப்படும்னா இடிதாங்கி எதுக்கு என்று கூட்டத்தில் எழுந்து பேசியவர் உன் அப்பா. அதோடு அந்த வாரம் பூசைக்குத் தவிர மணியடிக்கக் கூடாது, ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்று போலீஸ் உத்தரவு வேறு. ஆகையால் மணி கேட்டதும் ஊருக்கு ஒரே அர்த்தம்தான், சண்டை வந்துவிட்டது. ஐயோ மகனே, அதை எப்படிச் சொல்வேன். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு குகைப்பக்கம் ஓடினார்கள், கிழவர்கள் சேற்றில் முழங்கால் போட்டுச் செபம் சொன்னார்கள், தொமேனிகா கடையைத் திறந்துபோட்டுவிட்டு ஒரு கையில் பன்றித்தொடையும் ஒரு கையில் பேரனுமாக ஓடினாள். நான் ரோசால்பாவை இழுத்தேன், அவள் வரவில்லை, மாடிக்கு ஏறப் பார்த்தாள். அப்போதுதான் யாரோ கத்தினார்கள், கோசிமோதான் அடிக்கிறான், கோசிமோவுக்குப் புத்தி கெட்டுப்போச்சு என்று.

நான் போனபோது இரண்டு போலீஸ்காரர்கள் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள், அவர் கயிற்றை விடவில்லை. இருப்பா, இடி இன்னும் தோப்புமேலதான் இருக்கு என்று மட்டும் சொல்கிறார். உள்ளங்கை இரண்டும் உரிந்து ரத்தம். கடைசி மின்னல் வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு பாதாம் மரத்தைப் பிளந்தது, அதற்குப் பிறகு மழை கிழக்கே போய்விட்டது. மணியால் போனதா தானாகப் போனதா என்று என்னைக் கேட்காதே. இடி நின்றதும் அவராகவே கயிற்றை விட்டுவிட்டு அவர்களோடு நடந்து போனார்.

போலீஸ் ஸ்டேஷனில் மூன்று பேர் அவரைச் சுற்றிக்கொண்டார்கள், நான் பக்கத்தில் இருந்தே கேட்டேன். ஸ்டேஷன் அதிகாரி, நாடே எச்சரிக்கையில இருக்கிறப்ப நீ யாருக்குய்யா சைகை காட்டினே, கட்சி எழும்பச் சொல்லிச்சா என்று மேசையைத் தட்டினார். கட்சிச் செயலாளர் பால்தசாரே ஓடிவந்து, தோழர், உலக சமாதானத்துக்காக ஊரை எழுப்பினேன்னு சொல்லுங்க, நாளைக்கே நம்ம பத்திரிகையில போட்டுடலாம் என்று காதில் ஓதினார். எலீஜியோ சாமியாரோ, இத்தனை வருஷம் கழிச்சு கோயிலுக்குள்ள காலை வச்சுட்டே கோசிமோ, விசுவாசம்தான் இழுத்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் ஜாமீன் நிக்கிறேன் என்றார். உன் அப்பா மூவரையும் பார்த்தார். மின்னல் அடிச்சுது, என் மாப்பிள்ளை அங்க நின்னுட்டிருந்தான், எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியலை என்றார். அவ்வளவுதான். மறுபடி மறுபடி கேட்டார்கள், அதையேதான் சொன்னார். மாப்பிள்ளை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ரஷ்யா ராக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. சதுக்கத்தில் இரண்டு கட்சியும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே ஜாடியில் வைன் குடித்தார்கள். மாலையில் உன் அப்பாவையும் விட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காலையில போய்க் குடுத்துடறேன், ரோசால்பாகிட்டச் சொல்லு என்றார். திங்கட்கிழமை காலை மூன்று பேரும் வேலி வாசலுக்குப் போனோம். ரெனாத்தோவின் அந்த மேலதிகாரி கெட்டவர் இல்லை, உன் அப்பாவை உட்காரச் சொன்னார். ஆனால் அட்டையைக் கையில் வாங்கவே இல்லை. இனிமே இது எதுக்குங்க, எச்சரிக்கை நேரத்துல கட்சிக்காரன் மணியடிச்சான்னு ரோமுக்கு அறிக்கை போயிடுச்சு, அதை இந்த அட்டை கழுவாது என்றார். ரெனாத்தோவை அன்றைக்கே சார்தீனியாத் தீவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே கல்யாணம் செய்துகொள்ளலாமாம், ஆனால் பெண் அப்பா வீட்டைவிட்டு நிரந்தரமாக வந்துவிட்டதாக எழுதித் தரவேண்டுமாம், அப்பா அந்தக் கல்யாணத்துக்கு வரக்கூடாதாம். அதற்குள் அவனை ஏற்றிக்கொண்ட லாரி கிளம்பிவிட்டது. ரெனாத்தோ லாரியில் நின்றபடியே தொப்பியைக் கழற்றி உன் அப்பாவைப் பார்த்துத் தலை குனிந்தான், உன் அப்பா கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

ரோசால்பா எழுதித் தர மாட்டேன் என்று இரண்டு நாள் பிடிவாதம் பிடித்தாள். அப்பா வேண்டாம்னு எழுதிட்டு எனக்கு என்ன கல்யாணம் என்கிறாள். அவ்வளவு பெரிய நாடுகள் இரண்டும் விட்டுக்கொடுத்துச் சமாதானமாகிவிட்டன, என் வீட்டைத்தான் இரண்டாக வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்று காலை உன் அப்பாவே பேனாவை அவள் கையில் கொடுத்தார். எழுதும்மா, காகிதத்துல எழுதினா நான் உனக்கு அப்பா இல்லாமப் போயிடுவேனா, அவன் அங்க தனியா இருக்கான் பாரு என்றார். அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதனால் நவம்பர் இருபத்தைந்து ஞாயிறு என்று குறித்திருக்கிறோம். நானும் அவளும் முந்தின வெள்ளிக்கிழமை கப்பல் ஏறுகிறோம்.

இப்போது நான் கேட்க வந்தது. உன் சுரங்கத்துத் துரையிடம் காலைப் பிடித்தாவது அந்த வாரம் லீவு வாங்கிக்கொண்டு நேரே சிவித்தாவெக்கியா துறைமுகத்துக்கு வா, நாங்கள் அங்கே காத்திருப்போம். கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் உன் தங்கை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும், அது நீதான். வழியில் யாரோடும் அரசியல் பேசாதே, கப்பலில் வெறும் வயிற்றோடு ஏறாதே, கழுத்துத் துணியை மறக்காதே. கோட்டுக்கென்று அங்கே செலவு செய்யாதே. மகளைக் கூட்டிக்கொண்டு போவதற்கென்று உன் அப்பா யாருக்கும் தெரியாமல் பக்கத்து ஊர்த் தையற்காரனிடம் ஒரு கறுப்புக் கோட்டு தைத்து வைத்திருந்திருக்கிறார், நிச்சயம் முடிந்த கையோடு, அவனைக் காவல்காரன் காவல்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே. இன்றைக்குத்தான் கொண்டுவந்து என் மடியில் போட்டார். சவீனோவுக்குத் தோள் என்னைவிடக் கொஞ்சம் அகலம், தையலைப் பிரிச்சு விடு, அவன்கிட்ட அளவு கேட்டு எழுது என்றார்.

மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், சுரங்கத்தில் இறங்கும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொள். அப்பா தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொன்னார், அவருக்குக் கை இன்னும் ஆறவில்லை. பதிலை உடனே போடு, தோள் அளவை மறந்துவிடாதே.

உன் அன்பு அம்மா,
நுன்சியா