அப்பாவைப் படகில் ஏற்றுவது

மார்ச் 4, செவ்வாய்

ஏரிதானே என்று இளக்காரமாக நினைத்து வாந்தி மாத்திரை போடாமல் படகில் ஏறினேன். பாதி வழியிலேயே குடல் வாய்க்கு வந்துவிட்டது. எதிரே ஒரு பெண் நிம்மதியாக ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு வந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்.

அண்ணன் வழியனுப்பும்போது சொன்னது வேறு உறுத்திக்கொண்டே இருந்தது. "நீதான அவருக்குச் செல்லம். நீ கூப்பிட்டா வந்துடுவாரு." நல்ல நியாயம். செல்லமாக இருந்த பாவத்துக்கு லேபில் லீவுக்குக் கெஞ்சுவதும் நான்தான், ஏரியில் வாந்தி எடுப்பதும் நான்தான்.

அப்பா துறையிலேயே நின்றார். என்னை வரவேற்க என்று நினைத்துக் கையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. டிரைவர் வீசிய கயிற்றைப் பிடித்து, இரும்புத்தூணில் சுற்றி இறுக்கி, "எத்தன தரம் சொல்றது, பின்பக்கத்த முதல்ல கரையோட அணைன்னு" என்று அவனைத் திட்டி முடித்துவிட்டுத்தான் திரும்பினார். "வா பாப்பா. போட்டு இன்னிக்கு லேட்டு."

துறை வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆயிற்று. இன்னும் படகு வந்தால் கட்டுவதும் அவர்தான், கிளம்பினால் அவிழ்த்துவிடுவதும் அவர்தான். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையாம்.

மார்ச் 5, புதன்

வீட்டுக்குக் கீழே டீசல் கடை. மேலே அப்பாவின் இரண்டு அறை. போன மாதம் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் துறைக்குப் போய்விட்டார். கடைக்கார அக்காதான் ஓடிப்போய் அணைத்திருக்கிறாள். "கீழ பூரா டீசல், மேல உங்கப்பா. நான் எப்படிம்மா தூங்குறது?" என்று இன்றைக்கும் கேட்டாள். கரிந்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

ஜன்னலைத் திறந்தால் ஐஸ் ஃபாக்டரி, வலை காயும் சுவர், டிக்கெட் கொட்டகை. ஊரே அவ்வளவுதான். அந்தத் தெருவில் அப்பா நடந்தால் எல்லோரும் பெரியவரே என்கிறார்கள். அண்ணன் வீட்டில் அவருக்கு ஹாலில் ஒரு கட்டில் தயாராக இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

சம்மதித்துவிட்டார். நம்பவே முடியவில்லை. நான் ஒத்திகை பார்த்த அழுகையெல்லாம் வீண். "வரேம்மா. தனியா இருந்து என்ன பண்ணப்போறேன்" என்றார். அவரே பெட்டியைக் கட்டினார். ஒரே சட்டையை மூன்று தரம் வைத்து வைத்து எடுத்தார், அது வேறு விஷயம்.

மார்ச் 7, வெள்ளி

எழுதக் கை வரவில்லை.

பெட்டி ஏறியது, நான் ஏறினேன். அப்பா கை கொடுத்து ஏற்றிவிட்டார். "உக்காரு, வந்துடுறேன்" என்றார். ஏதோ மறந்துவிட்டார் போலிருக்கிறது, எடுத்துக்கொண்டு வருவார் என்று உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது. அப்பா குனிந்தார், கயிற்றை அவிழ்த்தார், படகுக்குள் எறிந்தார். படகு நகர்ந்துவிட்டது.

அவர் துறையில் நிற்கிறார். நான் படகில். கையை வேறு ஆட்டுகிறார்.

கத்தினேன். மானம் மரியாதை பார்க்காமல் கத்தினேன். டிரைவர் தலையைச் சொறிந்தான். "அக்கா, அவரு கயித்த எறிஞ்சா நான் எடுத்துடுவேன். இத்தன வருஷமா அப்படித்தான். அவரும் ஏறணும்னு எனக்குத் தோணவே இல்லியே." திருப்பு என்றேன். காற்று மாறிவிட்டது, இப்போது கரையில் அணைத்தால் கல்லில் மோதும் என்றான். திரும்பிப் போனாலும் கட்டுவதும் அவர்தான், அவிழ்ப்பதும் அவர்தான்.

அவருடைய சட்டை, செருப்பு, பிரஷர் மாத்திரை எல்லாம் என் மடியில். அடுத்த படகு செவ்வாய்க்கிழமை. நான் என்ன செய்யட்டும்? நீந்தவா?

மார்ச் 8, சனி

அண்ணன்: "அப்பாவ விட்டுட்டுப் பெட்டிய மட்டும் தூக்கிட்டு வந்திருக்க." அண்ணி சிரிப்பை அடக்க சமையலறைக்குப் போனாள். நானும் சிரித்திருப்பேன், வேறு யார் வீட்டுக் கதையாவது இருந்தால்.

டீசல் அக்காவுக்குப் போன் போட்டேன். மாத்திரையின் பெயரைச் சொல்லி வாங்கித் தரச் சொன்னேன். "நல்லாத்தான் இருக்காரு. பாப்பா எங்கன்னு கேட்டாரு. போட்டுல போயிட்டான்னு சொன்னேன். சொல்லாம கொள்ளாம போயிட்டாளேன்னு வருத்தம்" என்றாள். வருத்தமாம். அவருக்கு.

மார்ச் 11, செவ்வாய்

திரும்பி வந்தேன். கயிற்றைக் கட்டிவிட்டு முறைத்தார். "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா என்ன, பாப்பா?"

மாத்திரையைக் கையில் கொடுத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

இந்தத் தடவை ஏற்பாடெல்லாம் பக்கா. கயிற்றை அவிழ்க்க ஐஸ் ஃபாக்டரி மெக்கானிக்கிடம் சொல்லியாயிற்று. அப்பாவைத்தான் முதலில் ஏற்றினேன். ஜன்னலோர இருக்கை. பக்கத்தில் அணைபோல நான்.

மெக்கானிக் கயிற்றில் கை வைத்ததுதான் தாமதம். என் கையைத் தட்டிவிட்டு எழுந்து, பலகையைத் தாண்டி இறங்கிவிட்டார். "என் வேலையில கை வைக்காத. விடு. விடுடா." மெக்கானிக் பாவம், கயிற்றைப் போட்டுவிட்டு ஒதுங்கினான். நான் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். எலும்பும் தோலுமான கை. எவ்வளவு பலம். "ஏம்மா என்னக் கேவலப்படுத்துற" என்று கேட்டு அழுதார். அத்தனை பேர் முன்னால். அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை.

விட்டுட்டேன். வேற என்ன பண்றது? பெட்டிய நானே கீழ எறக்கினேன். போட்டு போகட்டும்னு சொல்லிட்டேன். அப்பா கண்ணத் தொடச்சிக்கிட்டு ரொம்ப ஒழுங்கா கயித்த அவுத்துவிட்டாரு.

மார்ச் 15, சனி

அண்ணனிடம் போனில் சொன்னேன், நீயே வந்து தூக்கிக்கொண்டு போ என்று. முதுகுவலியாம்.

மார்ச் 17, திங்கள்

அடுப்பை எடுத்து டீசல் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். மூன்று வேளையும் அவள் வீட்டிலிருந்து சாப்பாடு வரும். "பாத்துக்கறேன்மா. ஆனா எத்தன நாளைக்கு?" என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

தனியாகக் கிளம்பினேன். அப்பாதான் கயிற்றை அவிழ்த்துவிட்டார். "பத்திரமா போ பாப்பா."

ஏப்ரல் 6, ஞாயிறு

லேபில் ஒருவருக்கு ரத்தம் எடுக்க ஊசி குத்தும்போது நரம்பு தவறிவிட்டது. அந்த மனுஷர் மறு கையை நீட்டினார். அப்பா வயது.

ஏப்ரல் 27, ஞாயிறு

டீசல் அக்கா கூப்பிட்டாள். அப்பா துறைக்கு வருவதில்லையாம். வெள்ளிக்கிழமை படகு வந்து ஹாரன் அடித்து அடித்துப் பார்த்திருக்கிறது. அவர் மாடிப்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாராம். "இப்ப வந்து கூப்பிடும்மா, வந்துடுவாரு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் சரியாக இல்லை.

மே 2, வெள்ளி

செவ்வாய்க்கிழமை வந்தேன். எழுத மனசு வரவில்லை. இப்போது படகில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பா என்னோடு வருகிறார். ஒரு தகராறு இல்லை. வாங்க என்றேன், வந்தார். பெட்டியைக் கட்டியது நான். சட்டை மாட்டிவிட்டதும் நான். டீசல் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். துறையில் கயிறு அவர் காலடியில்தான் கிடந்தது. தடுக்கிவிடாமல் தாண்டி வந்தார். டிரைவர் இஞ்சினை ஓடவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தானே இறங்கிப் போய் அவிழ்த்துக்கொண்டு தாவி ஏறினான். இதுவரை என் பக்கம் திரும்பவில்லை.

இதற்குத்தானே மார்ச் மாதம் முழுக்கக் கெஞ்சினேன். கிடைத்துவிட்டது. வேண்டாம், எனக்கு வேண்டாம். பழையபடி என்னோட சண்ட போட்டு எறங்கிடேம்பா.

மிச்சத்தை அண்ணன் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். ஏரி நடுவில் தண்ணீர் தெறித்தது. அப்பா எழுந்து, நனையாத உள்பக்க இடத்தை எனக்குக் கொடுத்தார். நோட்டை மூடி வைத்தேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார். "தனியா போறீங்களேம்மா. அந்தக் கரையில உங்களக் கூட்டிட்டுப் போக யாராவது வருவாங்களா?"

அண்ணன் வருவான் என்றேன்.

"அப்ப சரி" என்றார். அவருக்கு நிம்மதியாக இருந்தது.