புகை பிடிக்கிற மருமகன்

2024 மே 8
எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல மகள் நிஸ்மியா எழுதுகிறாள். அவளுடைய மாப்பிள்ளை ஜெமீல் சீமெந்துத் தொழிற்சாலையில் இஞ்சினியர். எங்கள் வீட்டோடுதான் இருக்கிறார். சூளையிலிருந்து போகும் காபன் வாயுவைப் பிடித்து அடைக்க ஒரு சிறிய மெசினைப் பரீட்சைக்கு வைக்க ஓடித் திரிகிறார்.
“நிலக்கரிய விட்டாலும் தீராது மாமா. சுண்ணாம்புக் கல்லே வேகக்குள்ள அந்த வாயுவ விடுது.”
செலவைக் கேட்டேன். ஒளிக்கவில்லை. முழுச் சூளைக்கும் வைத்தால் சீமெந்து விலை இரட்டிப்பாகலாம், கரண்டும் கனக்க வேண்டுமாம். மேலிடத்துக்கு மனமில்லை. ஊர் கையெழுத்து வைத்தால் வெளிநாட்டு உதவியில் பரீட்சையாவது நடக்கும் என்றார்.

மே 10, வெள்ளி
ஜும்ஆ முடிந்து பள்ளி மண்டபத்தில் கூட்டம். ஜெமீல் எழும்பி, “நாங்க புகையப் பிடிக்கப் போறம்” என்றார்.
என் வாய் சும்மா இருந்ததா? “பள்ளியில நிண்டு புகை பிடிக்கப் போறன் எண்டு சொன்ன மருமகன் இவர்தான். ஹராம், மகன்.”
மண்டபமே குலுங்கியது. முன் வரிசையில் இருந்த அத்தாஉல்லா, “இஞ்சினியர், எனக்கும் ஒரு பீடி” என்றான். பிறகு ஜெமீல் சொன்ன ஒன்றும் எடுபடவில்லை. கையெழுத்து வைக்காமலே கலைந்தார்கள்.
நானும்தான் சிரித்தேன்.

மே 11
ஜெமீல் ஸலாம் சொன்னார். அவ்வளவுதான்.

ஜூன் 2
மேலிடத்தார் பரீட்சையைத் தொடங்காமலே நிறுத்திவிட்டார்கள். காரணம், ஊருக்கு விருப்பமில்லையாம்.
நிஸ்மியா பேனையை வைத்துவிட்டாள். பிறகு எடுத்து, “உங்களால எண்டு எழுதவா வாப்பா?” என்றாள்.
ஓம். எழுது.

ஜூன் 7, வெள்ளி
திரும்ப ஊரைக் கூட்டச் சொன்னேன். பிழை என்னுடையது, கையெழுத்து வையுங்கள் என்று சொல்ல எழும்பினேன். வாய் திறக்குமுன்னே சிரிக்கத் தொடங்கினார்கள். சொல்லி முடித்தேன். இதையும் பகிடி என்று நினைத்து இன்னும் சிரித்தார்கள். “பகிடியில உங்கள அடிக்க ஆளில்ல நானா” என்றான் அத்தாஉல்லா. யார் எந்தத் தூணடியில் இருந்து சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான் என்று இப்போதும் சொல்வேன்.

ஜூலை 20
ஜெமீலை மூட்டை கட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். இன்று இராச் சாப்பாட்டில் அவராகவே கதைத்தார்.
“செலவுக்குப் பயந்துதான் நிப்பாட்டினாங்க மாமா. நீங்க சிரிச்சாலும் அழுதாலும் அதுதான்.”
“ஊர் கையெழுத்து இருந்திருந்தா, எதச் சொல்லி நிப்பாட்டியிருப்பாங்க?”
அவர் பாணைப் பிய்த்துப் பெரிய துண்டை என் பீங்கானில் வைத்தார்.