இறந்த வேலுவைத் தேடுவதை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
நவமணி, வயது 22,
டத்தோ கிராமட் சாலை, பின்வரிசை வீடு,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.

பெறுநர்:
ரெசிடென்ட் கவுன்சிலர் துரை அவர்கள்,
பினாங்கு.

பொருள்: ராணுவத்திலிருந்து தப்பியோடியவர் என்று தேடப்படும் என் கணவர் வேலு இறந்துவிட்டார் என எழுத்தில் சான்று கோருவது.

கனம் பொருந்திய ஐயா,

1. இம்மனுவை என் கையால் எழுதுகிறேன். பாசார் முனையில் மனு எழுதுபவர் ‘திக்கற்ற அபலை’ என்று ஆரம்பித்தார். அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் மிஷன் பள்ளியில் படித்தவள். ஐந்து மாதம் ராணுவத்தில் வேலை செய்தவள்.

2. நாங்கள் தாசேக் கெலுகோர் பக்கம் ரப்பர் பால்மரத் தோட்டத்தில் இருந்தவர்கள். 1917-ல் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது என் கணவர் பெயர் கொடுத்தார்; குடும்பத்தோடு இந்த ஜார்ஜ் டவுன் வீட்டுக்கு வந்தோம். கப்பலிலிருந்து இறக்கப்படும் நோயாளிச் சிப்பாய்களுக்காகக் கடற்கரையில் போட்ட கூடாரங்களில் அவருக்கு வேலை. சென்ற அக்டோபரில் விஷக்காய்ச்சல் வந்து படுத்தார். தோட்டத்தில் புருஷனுக்கு உடம்புக்கு முடியாவிட்டால், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் பெண்டாட்டி போய் நின்று அவன் பேருக்குக் குரல் கொடுப்பாள். அது வழக்கம். ராணுவத்திலும் அப்படித்தான் என்று நினைத்துப் போய் நின்றேன். கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் திருநாவுக்கரசு சொன்னார்: “பேரெல்லாம் மாத்த வேணாம் தங்கச்சி. தொரைக்கு வேண்டியது தலைக்கணக்கு. ரெண்டு நாளைக்கு நீ நில்லு.”

3. அந்த இரண்டு நாளில் கூடாரத்தில் நோய் பரவியதென்று வாசலை அடைத்துவிட்டார்கள். உள்ளே முன்பின் அறியாத சிப்பாய்களின் வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே, ஒரு மைல் தூரத்தில், என் கணவர் இறந்தார். அதே காய்ச்சலில் என் மாமியார் இலட்சுமி அம்மாள் பக்கத்துப் பாயில் நினைவில்லாமல் கிடந்தார். மாட்டுவண்டிக்கார அர்ஜுனன் அண்ணன்தான் உடலைக் கொண்டுபோய், ஊரார் பிணங்களோடு பொதுக்குழியில் இறக்கியவர். அன்று குழிமேட்டில் பெயர் கேட்க ஆள் இல்லை. எங்கும் பதிவாகவில்லை.

4. பன்னிரண்டாம் நாள் செய்தி எனக்கு வந்தது. மண்டோரிடம் சொன்னேன். “இப்ப சொன்னா எல்லாருக்கும் வில்லங்கம். நீ பாட்டுக்கு நில்லு” என்றார். மறுநாள் காலை ‘வேலு’ என்று கூப்பிட்டார்கள். ‘இருக்கேன்’ என்றேன். மார்ச் மாதம்வரை தினமும் சொன்னேன். டாக்டர் துரையும் என்னை வேலு என்றே அழைத்தார். எதிரே புடவை நிற்பது அவர் கண்ணில் படவில்லை. காய்ச்சலில் பார்வை மங்கிய ஒரு சிப்பாய், சாகும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு “வேலண்ணே, வேலண்ணே” என்றான். என் கணவர் போனபோது அவர் கையைப் பிடிக்க ஆள் இல்லை. என் கைகளை ராணுவம் எடுத்துக்கொண்டது. என் பெயரை எழுத மட்டும் அதன் ஏட்டில் இடமில்லை.

5. மார்ச்சில் கூடாரங்களைக் கலைத்தார்கள். வேலு பஸ்ராவுக்குக் கப்பல் ஏற வேண்டுமென்று உத்தரவு வந்தது. செத்தவர் எப்படி ஏறுவார்? மண்டோர் அதற்குள் சொல்லாமல் ஊரைவிட்டுப் போய்விட்டார். வேலு தப்பியோடியவர் ஆனார்.

6. அதன்பின் அவரைத் தேடிப் போலீஸ் மாத்தாக்கள் மூன்று முறை வீட்டுக்கு வந்தார்கள். முதல் முறை வந்தபோதே, துக்கத்தில் படுத்தே கிடந்த மாமியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நானும் அர்ஜுனன் அண்ணனும் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. “சர்க்காரே எம்மவன் உசிரோட இருக்கான்னு தேடுது. நீ யாருடி சாவு சொல்றதுக்கு?” என்கிறார். மூன்றாம் முறை வந்த மாத்தாவுக்குக் காப்பி கொடுத்து, “எந்தப் பக்கம் பாத்தீங்க ஐயா? எளச்சிட்டானா?” என்று கேட்டார். அந்த மனிதர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

7. அரிசிக்கு அலையும் இந்தக் காலத்தில் தினமும் மகனுக்கென்று ஒரு தட்டுச் சோறு மூடி வைக்கப்படுகிறது. அதைத் தொட எனக்கு அனுமதியில்லை. காலையில் மாமியாரே என் நெற்றியில் குங்குமம் வைக்கிறார். தாலியைக் கண்ணில் ஒற்றச் சொல்கிறார். கருமாதி செய்ய விடவில்லை. “உசிரோட இருக்கறவனுக்கு யாராச்சும் பிண்டம் வெப்பாங்களா?” என்கிறார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஐந்து மாதம் அதையே சொன்னவள் நான். தெருவில் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் என் வாய் தானாகத் திறக்கிறது.

8. பொய்க்குரல் கொடுத்தது குற்றமானால் அதைச் செய்தவள் நவமணி. கப்பல் ஏறாதவளும் நவமணிதான். விலங்கு வேண்டுமானால் கொண்டுவரட்டும், வீட்டில் இருப்பேன். அர்ஜுனன் அண்ணன் எந்தக் கச்சேரியிலும் சாட்சி சொல்லத் தயார்.

ஆகவே ஐயா, விசாரித்து, வேலு 1918 அக்டோபரில் இறந்தார் என்று ஒரு வரி எழுதி, சர்க்கார் முத்திரை வைத்து, வரும் ஆடி அமாவாசைக்கு முன் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். என் பெயருக்கு வேண்டாம். இலட்சுமி அம்மாள் பெயருக்கு அனுப்புங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்தால் நம்பமாட்டார். மூன்றாம் முறை வந்த அந்த மாத்தாவே கொண்டுவந்து படித்துக் காட்டட்டும்.

இடம்: பினாங்கு
நாள்: 30 ஜூன் 1919

இப்படிக்கு,
நவமணி,
காலஞ்சென்ற வேலுவின் மனைவி.