கே. சந்திரலேகா, லேப் டெக்னீஷியன்

ஏப்ரல் 24, வியாழன்

பிரீதாவுக்கு இன்றோடு ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்தது. மத்தியானம் லேபில் ஒரு தாத்தாவுக்கு நரம்பு தேடிக்கொண்டிருக்கும்போது போன். "டி.வி. ரிமோட் எங்க இருக்கு?" அவ்வளவுதான். ஹலோ கிடையாது, யாரைக் கேட்கிறாள் என்பதும் கிடையாது. பிரிட்ஜ் மேல என்றேன். கட் பண்ணிவிட்டாள்.

கல்யாணமாகி எட்டு மாதம். இளவரசுவுக்கு இது இரண்டாவது. எனக்கு முப்பத்தேழு வயதில் முதலாவது. பிரீதாவின் அம்மா தமிழ்ச்செல்வி மூன்று வருடம் முன்பு மஞ்சள் காமாலையில் போய்விட்டார். ஹாலில் படம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை பூ மாற்றுவது நான்தான். இந்த எட்டு மாதத்தில் பிரீதா என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் சமையலறை வாசலில் வந்து தொண்டையைச் செருமுவாள். இல்லையென்றால் டம்ளரைத் தட்டுவாள். நான் திரும்பும் வரைக்கும் நிற்பாள், பாவம்.

வீட்டில் அவளுக்கென்று வைத்திருக்கிற பழைய செல்லை நேற்று சார்ஜ் போடும்போது பார்த்தேன். என் நம்பரை "கடலூர்" என்று போட்டு வைத்திருக்கிறாள். தினமும் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வேலைக்குப் போகிறேன், பிறந்த ஊரும் கடலூர். தப்பில்லை. ஆனாலும் சுருக்கென்று இருந்தது.

மே 6, செவ்வாய்

இவருடைய அக்கா பவானி குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்திருந்தார், கூடவே அவர் வீட்டுக்காரர் ஞானசேகரன் அண்ணன். காடாம்புலியூர் பலாப்பழம் ஒன்று, தூக்கவே இரண்டு ஆள் வேண்டும்.

"என்னா மச்சான், லீவு வுட்டு எத்தினி நாளாவுது, புள்ளைய எங்கயும் கூட்டிக்கிட்டுப் போவலியா?" என்று அண்ணன் கேட்க, பாண்டி தாண்டி இருக்கிற தீம் பார்க் என்று முடிவானது. அவர்கள் காரிலேயே, பதினெட்டாம் தேதி ஞாயிறு. பிரீதா கட்டிலில் ஏறிக் குதித்தாள்.

அக்கா சமையலறைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "இன்னும் அம்மான்னு கூப்புடலியா? நீ ரொம்ப எடங் குடுக்குறம்மா. அங்க வச்சி நான் சொல்ல வைக்கிறேன் பாரு."

வேணாங்க்கா என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மே 17, சனி

தீம் பார்க்கில் நைலான் துணி இருந்தால்தான் தண்ணீரில் விடுவார்களாம். என்னிடம் ஏது? அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும் என்கிறார் இவர்.

மே 19, திங்கள்

லீவு போட்டுவிட்டேன். தலைமுடியெல்லாம் இன்னும் குளோரின் வாடை. நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

விடியற்காலையில் கிளம்பியும் போய்ச் சேரப் பத்தாகிவிட்டது. திருவிழாக் கூட்டம். வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்று போர்டே வைத்திருக்கிறான். பவானி அக்கா புளிசாதத் தூக்கை மாற்றுத் துணிக்கு அடியில் சுற்றி வைத்திருந்தார். செக்யூரிட்டி பெண் மோந்தே கண்டுபிடித்துவிட்டாள். "உள்ள ஒரு தோச என்னா வெல விக்கிறான் தெரியுமா? புள்ளைங்க பட்டினி கெடக்கவா?" என்று அக்கா சண்டைக்குப் போக, கடைசியில் ஐந்து பேரும் கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் நின்றபடி பத்தரை மணிக்கே புளிசாதம் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

உள்ளே எல்லா இடத்திலும் வரிசை. பெரிய சறுக்கலுக்கு முக்கால் மணி நேரம் நிற்கும்போதுதான் அக்கா ஆரம்பித்தார்.

"சித்தியப் பாத்து அம்மான்னு ஒரே ஒரு தடவ கூப்புடு. அத்தை ரெண்டு ரவுண்டு கூட்டிக்கிட்டுப் போறேன்."

பிரீதா கீழே பார்த்தாள். முன்னாலும் பின்னாலும் நிற்கிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். எனக்கு வந்ததே கோபம்! பிஸ்கட் காட்டி நாய்க்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி. "விடுங்கக்கா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிரீதா வரிசையை விட்டு வெளியே போய்விட்டாள். சறுக்கலும் வேண்டாமாம்.

அதனால்தான் அலைக்குளத்துக்கு நானும் அவளும் மட்டும் போனோம். வாடகை உடையை மாட்டிக்கொண்டேன். எனக்கு, பக்கத்தில் இருப்பவளுக்கு, எல்லோருக்கும் ஒரே கருநீலம். கண்ணாடியோடு இறங்கக்கூடாது என்று ஒருவன் விசில் ஊதினான். என்னுடையது சோடாபுட்டிக் கண்ணாடி. அது இல்லையென்றால் ஒரு கை தூரத்துக்கு அப்பால் முகமே தெரியாது. கண்ணாடியையும் செல்லையும் லாக்கரில் வைத்தோம். சாவி வளையத்தைப் பிரீதா கையில் மாட்டிக்கொண்டாள்.

அலை விடப்போகிறோம் என்று சங்கு ஊதினார்கள். முதல் அலை வந்தது. அவள் கையைப் பிடித்திருந்தேன். இரண்டாவது அலையில் மூக்கில் தண்ணீர் ஏறி, கை விட்டுப்போய், எழுந்தபோது பக்கத்தில் ஒரு சின்னக் கை. அதைப் பிடித்துக்கொண்டு கரைக்கு நடந்தேன். "யாரு புள்ளைய இழுத்துக்கினு போற நீ?" என்று ஒருத்தி கத்தினாள். குனிந்து பார்த்தால் வேறு குழந்தை.

ஐயோ, பிரீதா எங்க? எங்க போய்த் தேடுவேன்? அத்தனை பேரும் நீலம். அத்தனை பேருக்கும் மூஞ்சியே இல்ல. தண்ணிக்குள்ள போயிட்டாளா? இன்னொருத்தி பெத்த புள்ள. நம்பித்தானே என்கிட்ட வுட்டாங்க. அந்தப் படத்துக்கு முன்னாடி நான் எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு நிப்பேன்? பிரீதா பிரீதான்னு கத்துறேன், ஸ்பீக்கர் பாட்டுல என் சத்தம் எங்க கேக்கும்.

"அம்மா!" என்று ஒரு பிள்ளை கத்தியது. திரும்பினேன். இன்னொன்று, "அம்மா!" அதற்கும் திரும்பினேன். நூறு பிள்ளைகள் கத்துகின்றன. ஒன்றுகூட அவள் இல்லை, அவள் அப்படிக் கூப்பிட மாட்டாள். அவள் பத்தடியில் நின்று என்னைத் தேடினால்கூட, என்ன சொல்லிக் கூப்பிடுவாள்? இங்கே தட்டுவதற்கு டம்ளர் இல்லையே என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

எவ்வளவு நேரமோ தெரியாது. மேலே படிக்கட்டுப் பக்கமிருந்து கீச்சுக் குரலில்:

"சந்திரலேகா! கே. சந்திரலேகா! லேப் டெக்னீஷியன்!"

என் ஐ.டி. கார்டில் இருப்பது. வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. தினமும் படித்திருக்கிறாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் அந்தக் குரல் வந்த பக்கமே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். லேபில் நான் சிஸ்டர், பிறந்த வீட்டில் லேகா, இவருக்கு ஏம்மா. முழுப் பேரைச் சொல்லிக் கடைசியாக யார் கூப்பிட்டார்கள் என்று ஞாபகமில்லை. கிட்டே போனதும் மணிக்கட்டைப் பிடித்தாள் பாருங்கள், வலித்தது.

"எவ்ளோ நேரம் தேடுறது? கண்ணு தெரியாதுல்ல? நின்ன எடத்துலயே நிக்க மாட்டியா?" லாக்கர் வரைக்கும் கையை விடவில்லை. கண்ணாடியைத் தன் துண்டிலேயே துடைத்துக் கொடுத்தாள்.

ஆனால் அக்கா காதிலும் அது விழுந்திருக்கிறது. "பெரியவங்கள இப்பிடித்தான் பேரு சொல்லி ஏலம் போடுவாங்களா? ஊரே சிரிக்குது!" என்று தலையில் ஒரு குட்டு வைத்தார். இவரும், "தப்பு பிரீதா, மன்னிப்புக் கேளு" என்றார். பிரீதா கேட்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

அவள் கூப்பிட்டதால்தான் நான் வந்து சேர்ந்தேன் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புதுசாக வந்தவள் நாத்தனாரை எதிர்த்துப் பேசுகிறாள் என்று ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். குட்டு வாங்கியது அவள். இன்று காலையிலிருந்து மறுபடி டம்ளர்தான்.

மே 20, செவ்வாய்

சாயங்காலம் காபி கொடுக்கும்போது இவரிடம் சொன்னேன். "அவ என்னைப் பேர் சொல்லியே கூப்புடட்டும்."

"என்னா பேசுற நீ? தெருவுல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அம்மான்னா அவளுக்கு அந்தப் படத்துல இருக்கிறவங்கதான். அவங்களுதப் புடுங்கி எனக்குக் குடுக்கச் சொல்றீங்களா?"

இவர் காபி ஆறிப்போகிறவரை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அக்காகிட்ட நீயே பேசிக்க" என்றார்.

மே 21, புதன்

அக்காவுக்குப் போன் போட்டேன். "அவ கூப்புட்டதாலதான் நான் கரை ஏறுனேங்க்கா. இனிமே அவளக் குட்டாதீங்க." உனக்காகத்தானே சொன்னேன் என்று வைத்துவிட்டார்.

பிரீதாவிடமும் சொன்னேன், பூரிக்கு மாவு பிசைந்துகொண்டே. அன்னிக்குக் கூப்பிட்டது தப்பில்லை, எனக்குப் பிடித்திருந்தது, அங்கேயே சொல்லாதது என் தப்பு என்று. "ம்" என்றாள்.

மே 27, செவ்வாய்

ஒன்றுமில்லை. டம்ளர்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. ஆறாம் வகுப்பு, புது யூனிபாரம், பாவாடை ஒரு விரல் நீளம். செல்லில் இன்னும் "கடலூர்"தான். நான் பேசியது ஜாஸ்தியோ? சின்னப் பிள்ளையிடம் மன்னிப்பெல்லாம் கேட்டு மிரள வைத்துவிட்டேனோ?

ஜூன் 12, வியாழன்

ஏழு பத்து பஸ்சைப் பிடிக்க டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தேன். பாத்ரூமிலிருந்து சத்தம்.

"சந்திரலேகா! துண்ட மறந்துட்டேன், எடுத்துக் குடு!"

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். "ஏய், என்னா..."

"உங்கள இல்ல, என்னைத்தான் கூப்புடுறா. நீங்க பேப்பரப் படிங்க" என்றேன்.

துண்டு கொடியில் ஈரமாக இருந்தது. பீரோவிலிருந்து வேறு எடுத்துக் கொடுத்தேன். பஸ் போய்விட்டது. அடுத்ததில் பாதி வழிக்கு மேல், ஆலப்பாக்கம் வரைக்கும் நின்றுகொண்டேதான் போனேன்.