'பார்க்கலாம்' என்ற திருவாக்கும் வெள்ளிக்குன்றின் ஊற்றும்

விண்ணோர் வியக்க, மண்ணோர் செவிசாய்க்க! மும்மலைக்கு முடிவேந்தரும், இடியை அதட்டியவரும், கடலைக் காணாமலேயே கடல்வென்றார் எனப் பட்டம் பூண்டவருமாகிய வாகைமலை நாட்டு மாமன்னர் பேரழகக்கோவின் ஆட்சி விளங்கும் நாளில், அன்னாரின் பேரமைச்சர் கொற்றங்குடியார், கீழ்மருதூர்ச் சிற்றரசி ஏரிகாத்த வல்லி நாச்சியாரின் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் வயல் விளைக! தங்கள் ஏரி நிறைக! பின்னதை மட்டும், இவ்வோலையை வாசித்து முடிக்கும்வரை நிறுத்திவைக்குமாறு பேரமைச்சர் வேண்டுகிறார்.

சென்ற கோடையில் எங்கள் வெள்ளிக்குன்றில் புதிய ஊற்றொன்று பீறிட்டது. நீர் பாதரசம்போல் மின்னிற்று. புலவர்கள் உடனே அதற்கு மன்னர் பெயரைச் சூட்டினர். அதைக் குடித்த ஆடுகள் சில கால் பின்னி விழுந்தன. அரண்மனை மருத்துவர் பொதியனார் அவையேறி, ஊற்றைக் கல்லிட்டு அடைக்கவேண்டும் என்றார். நஞ்சுதானா என அவை வினவ, தெரியாது என்றார். நஞ்சில்லையா என வினவ, அதுவும் தெரியாது, தெரியாததால்தான் அடைக்கச் சொல்கிறேன், ஊரில் வேறு கிணறா இல்லை என்றார். தெரியாது என்று சொல்வதற்கு ஒரு மருத்துவரா என அவையோர் நகைத்தனர். பேரமைச்சரும் நகைத்தார், சற்று உரக்கவே.

முடிவு கேட்டபோது மாமன்னர், 'பார்க்கலாம்' என்று திருவாய் மலர்ந்தார். எங்கள் அவையில் அச்சொல்லுக்கு, இப்போது வேண்டாம், பிறகும் வேண்டாம், பசிக்கிறது என்று பொருள். அரச வாக்கில் ஓர் எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் அறைவது முரசறைவோரின் மரபு. அவர்களும் யானைமீதேறி, வெள்ளிக்குன்றின் ஊற்றைக் குறித்து மன்னர் வாக்கு: பார்க்கலாம், பார்க்கலாம் எனத் தெருத்தெருவாக அறைந்தனர்.

ஊரே பார்க்கப் போயிற்று. வெயிலில் மலையேறியவர்கள் பார்த்ததோடு நிற்பார்களா? பேரமைச்சரின் மருமகள் திலகவதியும் குடித்தாள். பானகம் தோற்றது மாமா என்று சொல்லி, அவருக்கும் ஒரு செம்பு கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. ஏனோ மனம் வரவில்லை. மனம் வராததை அவளிடம் வாய்விட்டுச் சொல்லவுமில்லை.

இப்போது அவளால் செம்பைப் பிடிக்க முடிவதில்லை, கை நடுங்குகிறது. ஊரில் இன்னும் பலருக்கும் அப்படியே. ஊற்றினால்தானா என்று பேரமைச்சர் பொதியனாரைக் கேட்டார். இன்னமும் தெரியாது என்றார் அவர். இம்முறை எவரும் நகைக்கவில்லை.

ஐப்பசி மழையில் அவ்வூற்று பெருகி ஓடையில் இறங்கும்; ஓடை தங்கள் ஏரியில் சேரும். ஆகவே நாச்சியார், ஓடைநீரை ஏரிக்குள் விடும் தலைமதகை இன்றே அடைத்தருளவேண்டும். நஞ்சல்ல எனப் பின்னர் தெளிந்தால், வீணே ஊரை மிரட்டிய மூடன் எனப் பேரமைச்சரைத் தங்கள் அவையில் வேண்டியமட்டும் ஏசலாம். ஏச்சு வாங்க அவரே நேரில் வந்து நிற்பார். அந்த நாள் வரவேண்டுமென்றே அவர் தினமும் வேண்டிக்கொள்கிறார். திலகவதியின் கையும் அதில் அடக்கம்.

வாகைமலை வாழ்க, கீழ்மருதூர் அதனினும் நெடிது வாழ்க. இதன் அடியில் அரச முத்திரை இல்லாதது கண்டு நாச்சியார் ஐயுறலாம். ஐயுறுக, மதகை அடைத்துவிட்டு ஐயுறுக.

முத்திரை கேட்கப்பட்டது. மன்னர், பார்க்கலாம் என்றார்.